லெமுவேலுக்குப் பதிலாக

கேட்வுட் குடும்பத்தோடு சேர்ந்து ஆறு வருடம் மவுத் ஆர்கன் வாசித்தவன் நான். ஏழாம் வருடம் அந்த வீட்டுக் கடைக்குட்டி லெமுவேல் பெரியவனாகிவிட்டான். எனக்கு வேலை போயிற்று. எனக்கு அவர்கள்மேல் வருத்தமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனாலும் வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். போனால் சாப்பிடாமல் நானும் வரமாட்டேன். மிசிசிப்பியில் எங்கள் பக்கத்தில் உறவு என்பது அப்படித்தான்.

மூத்தவன் கார்னெல் கிடார் வாசித்துப் பாடுவான். நடுவில் பிறந்த லாவோன் டிரம்ஸ் அடிப்பாள். ஆம்பளை அடிப்பதைவிட அழுத்தமாக அடிப்பாள். தகப்பன் மில் விபத்தில் சீக்கிரமே போய்விட்டான். தாய் ஒஸெல்லா பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று காலைத் தேய்த்து மூன்று பேரையும் ஆளாக்கினாள். ஒத்திகையெல்லாம் அவள் அடுப்பங்கரையை ஒட்டிய அறையில்தான். உள்ளே கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டே காது கொடுத்திருப்பாள். எங்கேயாவது சுருதி பிசகினால் கரண்டியால் வாணலியைத் தட்டுவாள்.

"யாருடா அது, ஆட்டைக் கட்டிப்போட்ட மாதிரி?"

பெரும்பாலும் அது நான்தான்.

லெமுவேல், எங்களுக்கு லெம், என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். பிறகு என்னைத் தாண்டிப் போய்விட்டான். நான் ஊதினால் பாட்டு கேட்கும். அவன் ஊதினால் ஆள் பேசுவது போல இருக்கும். ஒரு சுரத்தைக் கீழே தொட்டு, மேலே வருவானா மாட்டானா என்று கேட்பவனைத் தவிக்கவிட்டு, அப்புறம்தான் வருவான். அவன் கெட்ட நேரம், குடியும் அவனைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கச்சேரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரமாட்டான். ஒருமுறை ஜாக்சனில் ஆயிரம் பேர் காத்திருக்க, அவன் கொட்டகைக்குப் பின்னால் வண்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒஸெல்லா அம்மா அவனை இரண்டு தடவை வீட்டைவிட்டுத் துரத்தினாள். இரண்டு தடவையும் அவளே போய்க் கூட்டிவந்தாள்.

அந்த வருடம் கோடையில் அவன் குடியை விட்டான். கெளுத்தி மீன் வெட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என் பிள்ளை திரும்பி வந்துட்டான்," என்று அவள் கடைக்காரனிடம் சொன்னாள், தபால்காரனிடம் சொன்னாள், என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் பொது வானொலிக்காரர்கள் ஹார்லோ ஊர்ப் பழைய சினிமாக் கொட்டகையில் ஒரு கச்சேரி வைப்பார்கள். ப்ளூஸ், மலைநாட்டு ஃபிடில், சர்ச் பாட்டு என்று எல்லாம் இருக்கும். நேரடி ஒலிபரப்பு, மாநிலம் முழுக்கக் கேட்கும். தும்மினால் தும்மல்தான், அழிக்க முடியாது. அந்த வருடம் முதலில் நான் தனியாக இரண்டு பாட்டு, அப்புறம் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, கடைசி ஒரு மணி நேரம் கேட்வுட் குடும்பம்.

ஒஸெல்லா அம்மா வரவில்லை. முழங்கால் வலி, போதாததற்கு அன்று காலையிலிருந்தே மூடுபனி. வீட்டில் ரேடியோவில் கேட்பதாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் ரேடியோவில் பாடும்போதெல்லாம் அவள் போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள். இடையில் எவளாவது கூப்பிட்டு, "ஒஸெல்லா, கேக்குறியா?" என்று கேட்பாள் என்ற எரிச்சல்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கார்னெல் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தான். லாவோன் டிரம்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க நம்ம மகாராஜா?" என்றேன்.

"ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றாண்ணே," என்றாள் லாவோன். "மீன் நாத்தத்தோட மேடையேறினா முதல் வரிசை எந்திரிச்சுப் போயிடும்ல? குளிச்சிட்டு வருவான்."

"குளிக்கத்தான் இவ்வளவு நேரமா?"

கார்னெல் கிடாரிலிருந்து தலையைத் தூக்கினான். "அந்தப் பேச்சு வேணாம்ணே. அவன் இப்ப அப்படி இல்ல."

"நான் என்னடா சொன்னேன்? குளியலைப் பத்தித்தானே கேட்டேன்."

"நீங்க கேட்டது எதப் பத்தின்னு இந்தக் கடலைத் தோலுக்குக்கூடத் தெரியும்," என்று லாவோன் ஒரு தோலை என்மேல் வீசினாள். மூவரும் சிரித்தோம்.

நான் மேடைக்குப் போய் என் இரண்டு பாட்டையும் வாசித்துவிட்டு வந்தேன். நல்ல கைதட்டல். திரும்பி வந்தபோதும் லெம் வந்திருக்கவில்லை. மலைநாட்டுத் தம்பதியின் ஃபிடில் ஒலி சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. லாவோன் கடலையை நிறுத்தியிருந்தாள். கார்னெல் இரண்டு தடவை பின்வாசல் வரை போய்விட்டு வந்தான். அவனும் நான் நினைத்ததைத்தான் நினைக்க ஆரம்பித்திருந்தான் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

அப்போதுதான் நோரீன் ஹாஸ்கெல் உள்ளே வந்தாள். அந்த வானொலியின் அறிவிப்பாளர் அவள்தான், நிகழ்ச்சியை நடத்துபவளும் அவள்தான். குரலை மட்டும் கேட்டவர்கள் அவளை ஆறடி உயரம் என்று நினைப்பார்கள். நேரில் என் தோளுக்கு வரமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"கார்னெல், கொஞ்சம் உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்களேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன் மேடம். சொல்லுங்க."

ஆபீஸ் அறைக்கு நெடுஞ்சாலைப் போலீஸ் போன் செய்திருந்தது. வண்டியை உள்ளே விடுவதற்காக வானொலி கொடுத்திருந்த அட்டை லெமின் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது; அதில் கொட்டகையின் எண் இருந்தது. மூடுபனியில், வழியில் பின்விளக்கு இல்லாமல் ஒரு பருத்தி டிரெய்லர் நின்றிருந்தது. லெமின் வண்டி அதற்கடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நோரீன் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் ஃபிடிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்னெல் கேட்ட முதல் கேள்வி, "அது அவன்தான்னு யார் சொன்னது?"

"லைசென்ஸைப் பாத்திருக்காங்க."

"வேற யாராவது ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"கார்னெல்."

அவன் உட்கார்ந்துவிட்டான். நாற்காலியில் அல்ல, தரையில். லாவோன் எழுந்து அறையின் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் அசையவே இல்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தொடப் பயமாக இருந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அம்மா."

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில், அந்த அடுப்பங்கரையில், ஒஸெல்லா அம்மா ரேடியோவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"பழைய பதிவு ஒண்ணு கையில இருக்கு," என்றாள் நோரீன். "இவங்க முடிச்சதும் அதைப் போட்டுடறேன். நீங்க கிளம்புங்க."

"போட்டா அம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிடும்," என்றான் கார்னெல். "என்னமோ ஆயிடுச்சுன்னு புரிஞ்சுக்குவா. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் தனியா உக்காந்து யார் செத்ததுன்னு எண்ணிக்கிட்டிருப்பா. மூணு பிள்ளையில எதுன்னு."

"போலீஸை அனுப்பச் சொல்லலாமே?"

"வேணாம்!" என்று லாவோன் மூலையிலிருந்து திரும்பினாள். "அப்பா செத்ததைத் தொப்பி வச்ச ஒருத்தன் வாசல்ல நின்னு பேப்பரைப் பாத்துப் படிச்சுட்டுப் போனான். அன்னைக்கு அம்மா விழுந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. இப்ப நெஞ்சுக்கு வேற மாத்திரை சாப்பிடுறா."

பாஸ்டர் ப்ரூயிட் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் வீடு அம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நோரீன் ஆபீசுக்கு ஓடிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பாஸ்டர் வீட்டில் இல்லை. ஆற்றோரம் ஒரு நோயாளிக்கு ஜெபம் செய்யப் போயிருக்கிறார், அந்த வீட்டில் போன் கிடையாது. அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறாள். பனியில் எப்போது போய்ச் சேருவார், எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது.

"அதுவரைக்கும் பாடுவோம்," என்றான் கார்னெல்.

"எனக்கு முடியாது," என்றாள் லாவோன். "அவன் அங்க கிடக்கான். நான் இங்க உக்காந்து டிரம்ஸ் அடிக்கணுமா? மனுஷியாடா நான்?"

"அவனுக்காக இல்ல லாவோன். அவனுக்கு இனிமே நாம செய்ய ஒண்ணுமில்ல. அம்மாவுக்காக. பாஸ்டர் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்கார்ற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்."

லாவோன் கேட்டாள், "அவன் வாசிக்கிறது கேக்கலன்னா?"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"வேணாம்டா," என்றேன். "அவன மாதிரி என்னால முடியாது."

"நீங்கதானே கத்துக்குடுத்தீங்க?"

"நான் கத்துக்குடுத்தது வேற, அவன் வாசிக்கிறது வேற. உங்கம்மாவுக்கு என் ஊதல் தெரியும்டா. எத்தனை தடவை வாணலியைத் தட்டியிருக்கா."

"ரேடியோவுலதானேண்ணே கேக்குறா," என்றான் கார்னெல். அவன் குரல் கெஞ்சியது. அவன் என்னிடம் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை. "கொஞ்ச நேரம்."

நோரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் ஒண்ணு சொல்லிடறேன். லெம் மேடையில இருக்கார்னு மைக்குல சொல்ல மாட்டேன். அது என்னால முடியாது. யார் பேரையும் சொல்லாம, கேட்வுட் குடும்பம்னு மட்டும் சொல்றேன். பாஸ்டர் அங்கேர்ந்து போன் பண்ணினதும் திரை ஓரமா வந்து நிப்பேன். நின்னேன்னா, அம்மாவுக்குச் சொல்லியாச்சுன்னு அர்த்தம். எந்தப் பாட்டா இருந்தாலும் அத்தோட நிறுத்திடுங்க."

மேடைக்குப் போனால், கொட்டகை நிறைந்திருந்தது. ஓரங்களில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நோரீன் கேட்வுட் குடும்பம் என்றதும் கூச்சல் எழுந்தது. லாவோன் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கார்னெல் என்னை லெம் நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். முன்வரிசையில் இருந்த ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கையைக் குவித்துக் கத்தினான்.

"என்ன எல்பர்ட்டு, மறுபடியும் வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டாங்களா?"

சிரிப்பு எழுந்தது. கார்னெல் அந்தச் சிரிப்பின் மேலேயே கிடாரை ஓங்கி அடித்துப் பாட்டை ஆரம்பித்துவிட்டான். அந்தக் குரல் மைக்கில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் இரண்டு பாட்டும் எப்படியோ ஓடின. மவுத் ஆர்கனுக்கு அவற்றில் பெரிய வேலை இல்லை. கார்னெல் நன்றாகவே பாடினான், அதுதான் கொடுமை. துக்கம் அவன் தொண்டையை அடைக்கவில்லை, திறந்துவிட்டிருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கேட்டார்கள்.

மூன்றாவது அவர்கள் அப்பன் கட்டிய பாட்டு. வெள்ளம் வடிந்த வயலில் ஒருவன் செருப்பைத் தேடுகிறான். ஒன்று கிடைக்கிறது, ஒன்று ஆற்றோடு போய்விடுகிறது. கிடைத்ததைப் போட்டுக்கொள்வதா, போனதைத் தேடிப்போவதா என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறான். சிரிப்புப் பாட்டு. நடுவில் லெம் மட்டும் தனியாக வாசிப்பான். அதை அவன் வாசிக்கும்போது ஒற்றைச் செருப்போடு ஒருவன் நொண்டிப் போவது கண்ணுக்குத் தெரியும். அவன் ஆரம்பிக்கும் முன் கார்னெல் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வான். அன்றும் சொன்னான். மைக்குக்கு நெருக்கமாக வாயைக் கொண்டுபோய், சிரித்த குரலில்,

"ஊதுடா தம்பி!"

எனக்குப் பின்னால் டிரம்ஸ் ஓர் அடி தவறியது. அப்புறம் லாவோன் பிடித்துக்கொண்டாள்.

நான் ஊதினேன். அந்தப் பையன் எங்கே தாமதிப்பான், எங்கே நாக்கைத் தட்டுவான் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டி ஊதினேன். நடுவே ஓரிடத்தில், அவன் என்றால் இப்போது என்ன செய்வான் என்று யோசித்தேன். யோசித்த அந்தக் கணத்தில் கைதவறி என் பழைய வழக்கத்துக்கே போய்விட்டேன். கீழே இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கால்களைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சந்தோஷம் தாங்காமல் கர்ச்சீப்பைச் சுழற்றினாள்.

அதன்பின் எத்தனை பாட்டு பாடினோம் என்பது நினைவில் இல்லை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மூவரும் திரையைப் பார்ப்போம். யாரும் இருக்கமாட்டார்கள். கார்னெல் அடுத்ததைத் தொடங்குவான். அவன் கழுத்திலிருந்து வியர்வை ஓடிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசியில் சர்ச்சில் பாடும் பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். அதில் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. பாதியில் திரும்பிப் பார்த்தேன். நோரீன் நின்றுகொண்டிருந்தாள்.

கார்னெலும் பார்த்துவிட்டான். அந்த அடியைப் பாடி முடித்தான். கிடாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கும்பிடாமல், கையசைக்காமல் உள்ளே போனான். கூட்டம் "இன்னும்! இன்னும்!" என்று கத்தியது. ஒலிபரப்பை ஸ்டுடியோவுக்கு மாற்றிவிட்டு, நோரீன் மேடை நடுவே வந்து நின்று லெமின் சாவைச் சொன்னாள். அதுவரை தட்டிக்கொண்டிருந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் நின்றார்கள். முன்வரிசையில் என்னைக் கேலி செய்தவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

என் காரில்தான் போனோம். பனி விளக்கின் மேல் வெள்ளைத் துணிபோல் தொங்கியது. ஆமை வேகத்தில் ஓட்டினேன். லாவோன் பின்சீட்டில் டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மட்டும் கார்னெல் பேசினான்.

"அம்மா கண்டுபிடிச்சிருக்க மாட்டால்லண்ணே?"

"தெரியலடா."

"நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க."

வாசலில் சர்ச் ஆட்களின் வண்டிகள் நின்றிருந்தன. அடுப்பங்கரையில் நாலைந்து பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். மேசைக்கு எதிரே ஒஸெல்லா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோவை யாரோ அணைத்திருந்தார்கள். பாஸ்டர் ப்ரூயிட் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடி வாங்கியவர் போல மூலையில் நின்றார். அழுதிருந்தது அவர்தான். அவள் கண் காய்ந்திருந்தது.

லாவோன் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தாள். அம்மா அவள் தலையில் கை வைத்தாள். ஆனால் பார்வை என்மேல் இருந்தது.

"நீதானே வாசிச்சே?"

"ஆமாம்மா."

"முதல் பாட்டுலயே தெரிஞ்சிபோச்சு."

கார்னெல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொம்பளை எப்பவும் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லுவா. இன்னைக்குச் சொல்லல. எவனோ எல்பர்ட்டுன்னு கத்தினான். அப்புறம் நீ ஊதினே." அவள் குரல் கடையில் சாமான் சொல்வது போலச் சாதாரணமாக இருந்தது. "அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? குடிச்சிட்டு எங்கயோ விழுந்து கிடக்கான், இவங்க மூணு பேரும் மூடி மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். கார்னெல் 'ஊதுடா தம்பி'ன்னான் பாரு, அப்ப எனக்கு வந்த கோவம்... என் பிள்ளை திரும்பி வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே, என் மூஞ்சியில கரியைப் பூசிட்டானேன்னு, அந்த ரேடியோவைப் பாத்துத் திட்டினேன். வாயில வந்த எல்லாத்தையும் சொல்லித் திட்டினேன். நீங்க பாடிக்கிட்டிருந்த நேரம் பூரா திட்டிக்கிட்டிருந்தேன்."

"அம்மா, போதும்," என்றாள் லாவோன்.

"இரு. பாஸ்டர் வந்து கதவைத் தட்டினாரு. அவன்தான் வந்து நிக்கிறான்னு நெனச்சேன். போதையில வந்து எப்பவும் அப்படித்தான் தட்டுவான், மெதுவா, திருடன் மாதிரி. நான் திறக்கல. உள்ளேருந்து கத்தினேன்." அவள் பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "என்ன கத்தினேன்னு சொல்லுங்க."

பாஸ்டர் தலையை ஆட்டினார். "வேணாம்மா."

"'இந்த வீட்டுப் பக்கம் வராதே, எங்கயாவது ரோட்டுல விழுந்து சாவு'ன்னு கத்தினேன். அவரு வெளியில நின்னு அதைக் கேட்டுக்கிட்டிருந்தாரு. சொல்ற சேதியை வாயில வச்சிக்கிட்டு."

சுவரோரம் நின்றிருந்த ஒருத்தி முந்தானைபோல் தன் மேல்சட்டை நுனியைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கார்னெல்," என்றாள் அம்மா. "அவன் குடிச்சிருந்தானா?"

"இல்லம்மா."

"போலீஸ்காரன் சொன்னானா?"

"ரேடியோ மேடம்கிட்ட போன்லயே சொல்லியிருக்காரும்மா. ஒரு சொட்டுகூட இல்ல. நேரத்துக்கு வந்துடணும்னு ஆலையிலேர்ந்து நேரா கிளம்பி வந்திருக்கான். சட்டையை இஸ்திரி போட்டுப் பின்னால தொங்கவிட்டிருந்தானாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அந்தக் குரலில் முதன்முதலாக ஓர் ஆட்டம் தெரிந்தது.

"குடிச்சிருந்தான்னு சொல்லு."

"அம்மா..."

"சொல்லுடா. அவ்வளவு நேரம் ஊருக்கு முன்னால எனக்குப் பொய் வாசிச்சீங்கல்ல? இன்னும் ஒண்ணு சொன்னா என்ன குறைஞ்சுபோகும்? குடிச்சிருந்தான், அதனாலதான் செத்தான்னு சொல்லு."

கார்னெலால் முடியவில்லை. வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் மாடு கதறுவதுபோல் வந்தது. லாவோன் மடியிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை. யாராவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"குடிச்சிருந்தாம்மா," என்றேன் நான்.

ஒஸெல்லா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு வாசிக்கவும் வராது, பொய் சொல்லவும் வராது எல்பர்ட்டு," என்றாள்.

புதன்கிழமை அடக்கம். எங்கள் பக்கத்தில் பாட்டில்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. கடன்காரன்கூடப் பாட்டோடுதான் போவான். ஒஸெல்லா அம்மா ஒருவரையும் பாட விடவில்லை. பாடகர் குழு அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்று, அங்கியோடு திரும்பிப் போயிற்று. பாஸ்டர் வசனம் வாசித்தார். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நோரீன் ஹாஸ்கெல் வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

கேட்வுட் குடும்பம் அதற்குப்பிறகு மேடையேறவில்லை. லாவோன் மெம்ஃபிஸுக்குப் போய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கார்னெல் உள்ளூரிலேயே டிராக்டர் பழுது பார்க்கிறான். அம்மாவைத் தினமும் போய்ப் பார்க்கிறான். அவள் சமைத்துப் போடுகிறாள். அந்த ராத்திரியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் அவன் என்னிடம் கேட்டான்: "பழைய பதிவையே போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்ணே?" அவள் அப்போதும் தவித்திருப்பாள் என்று சொன்னேன். "தவிச்சிருப்பா. ஆனா திட்டியிருக்க மாட்டால்ல?" என்றான்.

வானொலிக்கு நிறையப் பேர் எழுதினார்களாம். கேட்வுட் குடும்பம் வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது, லெமின் கடைசிக் கச்சேரியைத் திரும்பப் போடுங்கள் என்று. யார் செத்தார்கள், எப்போது செத்தார்கள் என்ற விவரம் பலருக்கும் குழம்பிப்போயிருந்தது. பெட்ரோல் பங்கில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செருப்புப் பாட்டில் பையன் அழவைத்துவிட்டான் என்றான். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் நோரீன் என்னைக் கூப்பிட்டாள். வேறு வேலை எனக்குத் தெரியாது, போனேன். இந்தத் தடவை பனி இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது. என் இரண்டு பாட்டையும் எனக்குத் தெரிந்த மாதிரியே வாசித்தேன். ஒஸெல்லா அம்மா கேட்டாளா என்று யாரையும் நான் விசாரிக்கவில்லை.